கழற்றப் போகிறவன்

மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கழற்ற என்னென்ன வேண்டும், சொல்லுங்கள்? முட்டுக் கொடுக்க ஒரு கட்டை, தட்ட ஒரு கல், பிடிக்க இரண்டு ஆள். அவ்வளவுதான். அச்சின் நுனியில் குறுக்கே செருகியிருக்கும் கடையாணியைத் தட்டினால் வந்துவிடும். சக்கரத்தை உருவி, அச்சுக்கு மை போட்டு, மறுபடி மாட்டி, ஆணியைச் செருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இத்தனூண்டு ஆணி அத்தனை பெரிய தேரைத் தாங்குகிறதே என்று வள்ளுவர் அதை உவமைக்கு எடுத்துக்கொண்டார், உருவத்தைப் பார்த்து ஆளை எடை போடாதே என்று சொல்வதற்காக. அந்த ஆணிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பிடித்துக்கொள்ளவும் தெரியும், விட்டுவிடவும் தெரியும்.

அதே சக்கரத்தில் இன்னொரு பொருள் இருக்கிறது. மரத்தைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை. அதைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் அடிப்பார்கள். வரட்டி அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சினால் இரும்பு விரியும். விரிந்த சூட்டோடு சக்கரத்தின் மேல் இறக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால், ஆவி பறக்கப் பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். மரம் முனகுகிற சத்தம் கேட்கும். அதற்கப்புறம் அதுவாகத் தளர்ந்தால் உண்டு. இல்லையென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஒரே சக்கரம். ஒரு பாகம் தினமும் கழற்றலாம் என்கிறது, இன்னொரு பாகம் என்னைத் தொடாதே என்கிறது. ஊரில் எந்தத் தச்சரும் கொல்லரும் இதைப் பற்றித் தத்துவம் பேசியதாகத் தெரியவில்லை. எதை எப்படிச் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். நமக்குத்தான் அதில் குழப்பம்.

இந்தக் குழப்பத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் பழைய ஜீப் ஒன்றின் பின்பக்க ஆக்ஸிலைப் பிரிக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். டீ சொன்னால் மெக்கானிக் ஒன்றும் விரட்ட மாட்டார்.

ஜீப் வகை வண்டிகள் பலவற்றில் பின் சக்கரத்தை ஒரு ஷாஃப்ட் தாங்குகிறது. ஷாஃப்டின் மேல் ஒரு பேரிங். பேரிங் நகராமல் இருக்க அதற்குப் பின்னால் ஒரு இரும்பு வளையம். காலர் என்பார்கள். இந்தக் காலருக்கு நட்டு கிடையாது, போல்ட் கிடையாது, பின்னு கிடையாது. அதன் துளை ஷாஃப்டைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு சின்னது. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பிரஸ்ஸில் வைத்து டன் கணக்கில் அழுத்தி ஏற்றிவிடுவார்கள். வளையம் கொஞ்சம் விரியும், ஷாஃப்ட் கொஞ்சம் சுருங்கும். இருவரும் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு வண்டியின் ஆயுள் முழுக்கக் கிடப்பார்கள். பட்டறைப் பாஷையில் இதற்குப் பேர் பிரஸ் ஃபிட்.

இந்த வளையம் நழுவினால் என்ன ஆகும்? சக்கரம் ஷாஃப்டோடு சேர்ந்து வண்டியை விட்டு வெளியே நடந்து போய்விடும். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இது யாருடைய சக்கரம் என்று வேடிக்கை பார்க்கலாம். பெரிய லாரிகளில் இந்தக் கவலை கிடையாது. அங்கே சுமையை ஹப் தாங்குகிறது, ஷாஃப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும்தான். அதனால்தான் ரோட்டோரத்தில் லாரி நிற்க, சக்கரம் மாட்டியபடியே இருக்க, கிளீனர் பையன் ஷாஃப்டை மட்டும் உருவி வெளியே எடுப்பதைப் பார்க்கிறீர்கள்.

சரி, பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும். காலரைக் கழற்றாமல் பேரிங் வராது. எப்படிக் கழற்றுவது? நான் பார்த்த பெரியவர் ஒருவர் செய்த முறையைச் சொல்கிறேன். காலரில் டிரில் வைத்து ஒரு ஓட்டை போட்டார். முழுக்க இல்லை, முக்கால் ஆழம். அதற்கு மேல் போனால் ஷாஃப்டில் கீறல் விழும். அந்த ஓட்டையின் மேல் உளியை வைத்து ஒரே ஒரு அடி. ‘டிக்’கென்று ஒரு சத்தம். அத்தனை வருஷம் டன் கணக்கில் பிடித்துக்கொண்டிருந்த வளையம் விரல் மோதிரம் மாதிரி கையோடு வந்துவிட்டது.

“கேஸ் வச்சு வெட்டினா ஒரு நிமிஷ வேலையாச்சே?” என்றேன்.

“சூடு பட்டா ஷாஃப்ட் போயிடும் சார். மேல் தோல்ல ஒரு கெட்டி குடுத்திருப்பான், அது இளகிடும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். வளையம் போனா வாங்கிக்கலாம், ஷாஃப்ட் போனா?”

உடைந்த வளையத்தைக் குப்பையில் போட்டார். அதைத் திரும்பப் போடவே கூடாதாம். கழற்றும்போது உடைவதற்கென்றே பிறந்த பாகம்.

இங்கேதான் எனக்கு பி.காம். ஞாபகம் வந்தது. வணிகவியல் படித்தவர்கள் எந்த வயதிலும் மறக்க முடியாத ஒரு பெயர் உண்டு: கார்னர் எதிர் முர்ரே. 1904-ஆம் வருஷத்து இங்கிலாந்து வழக்கு. கூட்டு வியாபாரம் கலைகிறது. மூன்று பங்காளிகளில் ஒருவர் திவால், அவர் தர வேண்டிய பணம் வராது. அந்தத் துண்டை யார் தலையில் கட்டுவது? லாபத்தைப் பிரித்துக்கொண்ட கணக்கில் இல்லை, அவரவர் போட்ட முதலின் கணக்கில் மீதிப் பேர் தாங்க வேண்டும் என்று தீர்ப்பு. இதை வைத்துப் பதினாறு மார்க்குக்குக் கணக்குப் போட்டிருக்கிறோம். போட்டபோது இது வெறும் கணக்கு. பின்னாளில் யோசித்தால், பிரிகிறபோது யாராவது ஒருவர் உடையத்தான் வேண்டும், அது யார் என்கிற கேள்விக்கு ஒரு நீதிபதி சொன்ன பதில்.

நம்முடைய 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். கலைப்பது எப்படி என்பதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. கலைந்தால் முதலில் வெளியாள் கடன், அப்புறம் பங்காளி கைமாற்றாகக் கொடுத்த பணம், அப்புறம் முதல், மிஞ்சினால் பங்கு. இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது அந்த முதல் இடம். சண்டை உங்களுக்குள். அதனால் வெளியாள் நஷ்டப்படக் கூடாது.

பேரிங்கைக் கழற்றுவதிலும் இதே சட்டம் இருக்கிறது, கேளுங்கள். பேரிங்கில் உள் வளையம், வெளி வளையம், நடுவில் குண்டுகள். ஷாஃப்டைக் கவ்விக்கொண்டிருப்பது உள் வளையம். ஆனால் கைக்கு எட்டுவது வெளி வளையம். அவசரக்காரன் புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுப்பான். அல்லது சம்மட்டியால் அதன் மேலேயே போடுவான். அந்த அடி எப்படி உள்ளே போய்ச் சேரும்? குண்டுகள் வழியாகத்தான். ஒவ்வொரு குண்டும் வளையத்தின் வழவழப்பான பாதையில் ஒரு குழியைப் பதிக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பேரிங்கை மறுபடி மாட்டினால் வண்டி ஓடும், கொஞ்ச நாளில் முனக ஆரம்பிக்கும். எது இறுகியிருக்கிறதோ அதைப் பிடித்து இழு, நடுவில் இருப்பதன் வழியாக இழுக்காதே. பேரிங் வேலையில் முதல் பாடம் இது.

குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இந்தப் பாடத்தை விளக்க வேண்டியதில்லை. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இடையே இழுக்க வேண்டியதை இழுக்க முடியவில்லை. கைக்கு எட்டுவது பிள்ளை. “அப்பாகிட்ட சொல்லு”, “அம்மா என்ன சொன்னா?” என்று எல்லா அடியும் அதன் வழியாகப் போகிறது. பிள்ளை நன்றாகத்தான் இருக்கும், ஸ்கூலுக்குப் போகும், ரேங்க்கூட வாங்கும். முனகல் பிறகு கேட்கும்.

அட, மெக்கானிக் ஷெட்டிலிருந்து குடும்பக் கோர்ட்டுக்கு வந்துவிட்டேனே என்று நினைக்காதீர்கள். இன்னும் ஒரு விஷயம் அங்கேயே சொல்லிவிடுகிறேன். 1955-இல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது விவாகரத்து இருந்தது, ஆனால் ‘நாங்கள் இருவரும் சேர்ந்தே கேட்கிறோம்’ என்று சொல்ல வழியில்லை. யாராவது ஒருவர் மற்றவர் மேல் குற்றம் நிரூபிக்க வேண்டும். ஒருவரை உடைக்காமல் பிரிய முடியாது. பரஸ்பர சம்மதம் என்கிற கதவு 1976-இல்தான் வந்தது. நடுவில் இருபத்தோரு வருஷம். அந்த வருஷங்களில் எத்தனை நல்ல மனிதர்கள் கோர்ட்டில் நின்று ஒருவரைப் பற்றி ஒருவர் பொய்யாக அசிங்கம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பிரிவது இதனால் நின்றதா என்ன? அசிங்கம்தான் கூடியது.

இப்போது வெல்டிங்குக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

ஆக்ஸிலில் வெல்டிங் கூடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஜீப் வகை ஆக்ஸில் பலவற்றில் நடுவில் டிஃப்ரன்ஷியல் உட்காரும் வார்ப்பிரும்பு உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். அதன் இருபுறமும் எஃகுக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழாய்களை பிரஸ்ஸில் அழுத்தித்தான் உருண்டைக்குள் ஏற்றியிருப்பார்கள். அதோடு விடமாட்டார்கள். உருண்டையில் துளை போட்டு, அந்தத் துளையை வெல்டிங்கால் நிரப்பிக் குழாயோடு சேர்த்து உருக்கிவிடுவார்கள். ஏன்? வண்டி கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் உருண்டை ஒரு பக்கம் முறுக்கும், வில்பட்டையோடு கட்டிய குழாய் மறுபக்கம் முறுக்கும். வெறும் பிடிப்பை மட்டும் நம்பினால் ஒருநாள் குழாய் உள்ளே சுற்றிவிடலாம். ஆகவே காரணத்தோடு, தொழிற்சாலையிலேயே, வெளியே தெரிகிற இடத்தில் அந்தப் பொட்டை வைக்கிறார்கள்.

அதையும் ஒருநாள் ஒருவன் பிரிக்க வேண்டி வரும். விபத்தில் குழாய் வளைந்திருக்கும். பொட்டு இருக்கும் இடம் தெரிவதால் அதை டிரில் போட்டு எடுப்பான். குழாயை அறுத்து, மிச்சத்தை உள்ளிருந்து கீறி மடக்கி உருவுவான். குழாய் போகட்டும், உருண்டை பிழைக்க வேண்டும். புதுக் குழாய் ஏற்றித் திரும்ப வெல்டிங் வைப்பது இன்னும் சிரமம். வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம், சும்மா பற்றவைத்தால் விரிசல் விடும். முன்னாலேயே சூடாக்கி, நிக்கல் ராடு போட்டு, முடிந்ததும் சாம்பலிலோ மணலிலோ மூடி மெதுவாக ஆறவிட வேண்டும். நாள் பிடிக்கும். பிடித்தாலும் முடியும். ஏனென்றால் சேர்த்தவன் எங்கே சேர்த்தேன் என்பதை ஒளிக்கவில்லை.

ஒளித்து வைக்கிற வெல்டிங் ஒன்று இருக்கிறது. முன்னே சொன்ன காலர் இருக்கிறதே, பல தடவை கழற்றி மாட்டிய ஷாஃப்டில் அது உட்காரும் இடம் தேய்ந்துபோகும். புதுக் காலர் போட்டால் பிடிப்பு இல்லாமல் கையாலேயே நகரும். சரியான வழி ஷாஃப்டை மாற்றுவது. சுலபமான வழி ஒன்று உண்டு. காலரின் ஓரத்தில் ரெண்டு இடத்தில் வெல்டிங்கால் டேக் வைத்துவிட்டால் நகராது. உள்ளே தள்ளி மூடிவிட்டால் கடவுளுக்குக்கூடத் தெரியாது.

கெட்டியாகத்தானே இருக்கிறது, என்ன கெட்டுப்போச்சு என்பீர்கள். கெட்டிதான், அதுதான் தொல்லை. கடினமாக்கப்பட்ட எஃகில் ஒரு பொட்டு வெல்டிங் பட்டால், சுற்றியிருக்கும் கொஞ்ச இடம் சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறிக் கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். விரிசல் அங்கே ஆரம்பிக்கும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகிறது என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 500 சுற்று. சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் வளைகிறது. அந்த விரிசல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளி வளரும். திருச்சிக்குப் போய்விடுவீர்கள். மதுரைக்கும் போய்விடுவீர்கள். எங்கே நிற்கும் என்பதுதான் தெரியாது.

இரும்பும் களைத்துப்போகும் என்பது உலகத்துக்குப் புரிந்தது ஆக்ஸில்களால்தான். 1842 மே 8-ஆம் தேதி. பிரான்ஸில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் அரசர் பெயரால் கொண்டாட்டம், நீரூற்றுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். பார்த்துவிட்டுக் கூட்டம் பாரிஸ் திரும்புகிறது. மியூதோன் என்ற இடத்தில் முன்னால் போன எஞ்சினின் ஆக்ஸில் முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி எஞ்சின் நெருப்பில் பற்றிக்கொண்டன. குறைந்தது ஐம்பது பேர் செத்துப்போனார்கள். உலகத்தைக் கப்பலில் சுற்றி வந்த துய்மோன் துர்வில் என்ற மாலுமி, மனைவி மகனோடு அதில் ஒருவர். தென்துருவப் பனியில் பிழைத்தவர், பாரிஸுக்குப் பக்கத்தில் ரயிலில் போனார்.

இத்தனை பேர் ஏன் வெளியே குதிக்கவில்லை? குதிக்க முடியாது. பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். அப்போது அதுதான் வழக்கம். ஓடுகிற ரயிலிலிருந்து யாரும் தவறி விழக் கூடாதே என்கிற அக்கறை. பூட்டியவன் கொடியவன் இல்லை. தன் கடமையைச் செய்தான். பாதுகாப்பு என்றால் இறுக்கம் என்று நம்பினான். கதவை என்றாவது ஒருநாள் உள்ளே இருப்பவன் அவசரமாகத் திறக்க வேண்டி வருமே என்று அவனுக்குத் தோன்றவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு பிரான்ஸில் அப்படிப் பூட்டுகிற வழக்கம் கைவிடப்பட்டது. ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே எஞ்சினியர் அடுத்த இருபது முப்பது வருஷங்களில் ஆக்ஸில்களைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்து, உலோகம் எப்போது களைக்கும் என்பதற்குக் கணக்கு எழுதினார்.

நான் கேட்க வந்த கேள்வி இதுதான். நாம் ஒன்றைச் சேர்க்கும்போது, என்றாவது ஒருநாள் அதைக் கழற்றப் போகிற ஆளுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? அவன் யார் என்று தெரியாது. அவன் நமக்குக் காசு கொடுக்கப் போவதில்லை. அவன் கழற்றும்போது நாம் இருப்போமா என்பதே சந்தேகம். கணக்குப் புத்தகத்தில் அவனுக்கு லெட்ஜரே கிடையாது. வணிகவியல் மொழியில் சொன்னால் பெயர் தெரியாத, தேதி தெரியாத கடன்காரன். அப்படியொருவனுக்கு ஒதுக்கீடு செய்ய எந்த ஆடிட்டரும் சொல்ல மாட்டார்.

கடன் இல்லை என்று வாதாடுகிறவர்களின் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கழற்றுவதற்கு வழி வைத்தால் பிடிப்பு குறையும், பிரிய முடியும் என்று தெரிந்தால் யாரும் சேர்ந்திருக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கட்சி. கல்யாண விஷயத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதுதான். நல்ல காரியத்தில் எதற்கப்பா அபசகுனம்?

இதற்குப் பதில் ரயில் சக்கரத்தில் இருக்கிறது. பெங்களூர் எலகங்காவில் 1984-இல் தொடங்கிய ரயில் சக்கரத் தொழிற்சாலையிலிருந்து வருகிற சக்கரம் ஆக்ஸிலில் எப்படி நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்? வெல்டிங் கிடையாது. வெறும் அழுத்தம்தான். ஏற்றும்போது எத்தனை டன் அழுத்தம் எப்படி ஏறியது என்பதை வரைபடமாகப் பதிவு செய்கிறார்கள். கோடு சரியாக ஏறவில்லையென்றால் சக்கரம் பாஸ் ஆகாது. தேய்ந்தால் பணிமனையில் திரும்ப அழுத்தி வெளியே எடுத்து, அதே ஆக்ஸிலுக்குப் புதுச் சக்கரம் போடுவார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் நீங்களும் நானும் அப்பர் பெர்த்தில் குறட்டை விட்டுக்கொண்டு போவது கழற்றக்கூடிய ஒரு பிடிப்பின் மேல்தான். ஆக, கழற்ற முடிவது பலவீனம் என்கிற வாதம் தண்டவாளத்தில் நிற்காது.

இதைவிட அழகான ஒன்றும் உண்டு. ஸ்வீடனின் எஸ்.கே.எஃப். பேரிங் கம்பெனியில் எர்லாண்ட் பிராட் என்ற எஞ்சினியர் 1940-களில் ஒரு முறை கண்டுபிடித்தார். சம்மட்டி வேண்டாம், நெருப்பு வேண்டாம். இறுகிக் கிடக்கும் வளையத்துக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே எண்ணெயைப் பெரும் அழுத்தத்தில் பம்ப் செய்வது. தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் இரண்டையும் பிரித்துவிடும். பிறகு அதிகச் சிரமமில்லாமல் வளையம் வழுக்கிக்கொண்டு வரும். இரண்டு பேர் மேலும் கீறல் கிடையாது. ரயில் சக்கரங்களிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணெயை இல்லை. எண்ணெய் உள்ளே போக ஷாஃப்டில் ஒரு சின்னத் துளையும் ஒரு பள்ளமும் வேண்டும். அதை மாட்டிய பிறகு போட முடியாது. முதல் நாளே, செய்யும்போதே, இன்னும் யாரும் சேராத நேரத்தில் போட வேண்டும். அதிலும் கண்ட இடத்தில் துளை போட்டால் ஷாஃப்ட் அங்கே முறியும், இடம் பார்த்துப் போட வேண்டும். கழற்றப் போகிறவனை மனதில் வைக்கச் செலவு இருக்கிறது. புத்தியும் வேண்டும்.

நம்மில் யார் முதல் நாள் துளை போடுகிறோம்? அண்ணன் தம்பி சேர்ந்து கடை ஆரம்பிக்கிறார்கள். “எங்களுக்குள்ள என்ன சார் எழுத்து?” வீட்டை மூன்று மகன்களுக்கும் பொதுவில் எழுதி வைக்கிற அப்பா, ஒற்றுமைக்காகத்தான் எழுதுகிறார். அடுத்த தலைமுறையில் ஒன்பது பேரப் பிள்ளைகள் ஒரு கிணற்றை ஒன்பதாகப் பிரிக்க வக்கீல் வைத்திருப்பார்கள். அவர் பாசத்தைப் போட்டு வெல்டிங் வைத்தார். பாசம்தான், சந்தேகமில்லை. மியூதோனில் கதவைப் பூட்டியதும் அக்கறைதானே?

இந்த ஜீப் கதையிலேயே ஒரு கிளைக்கதை. 1945-இல் அந்தக் கம்பெனிக்குப் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. பங்காளிகளில் ஒருவரான குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-இல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. தேசமே கேஸ் கட்டிங் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு வியாபாரம் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு தொடர்ந்து ஓட முடிந்திருக்கிறது.

பொருள்களின் விஷயத்தில் அரசாங்கங்கள் இதை மெல்லச் சட்டமாக்கப் பார்க்கின்றன. ஓடி முடித்த வண்டிகளைப் பிரித்து எடுப்பது பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2000-லேயே விதி போட்டது. போன், லேப்டாப் போன்றவற்றின் பேட்டரியை வாங்கியவரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்று 2023-இல் போட்ட சட்டத்துக்கு 2027 பிப்ரவரி கெடு. நம் ஊரிலும் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் சட்டம் தொழிற்சாலை வாசல் வரைதான் வரும். தெருக்கோடிப் பட்டறையில் வெல்டிங் கண்ணாடியை முகத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் எந்தச் சட்டம் வரும்?

அந்தப் பெரியவரிடம் நான் இருந்த அன்றே ஒருவர் வந்தார். நல்ல சட்டை, சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். அவருடைய ஜீப்பில் காலர் இருக்குமிடம் தேய்ந்துபோயிருந்தது. புது ஷாஃப்ட் என்றதும் முகம் மாறியது.

“அண்ணே, ரெண்டு டேக் வச்சு விட்டுடுங்க. அடுத்த மாசம் வித்துடப் போறேன்.”

“வித்துடப் போறீங்கன்னா?”

“நான் ஓட்டப் போறதில்லன்னு சொல்றேன்.”

அந்த மனிதர் திருடர் இல்லை. டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார், எனக்கும் சேர்த்து. ‘நான் ஓட்டப் போவதில்லை’ என்பதை அவர் சமாதானமாகவே சொன்னார், மெக்கானிக்குக் கவலை வேண்டாம் என்பது போல. அவர் கணக்கில் ஆபத்து என்பது தனக்கு வந்தால்தான் ஆபத்து.

பெரியவர் யோசித்தார். வாடிக்கைக்காரர், விட்டால் பக்கத்துப் பட்டறைக்குப் போவார். “வைக்கலாம். பில்லுல எழுதிடுவேன். ‘ஷாஃப்டுல டேக் வெல்டிங், கஸ்டமர் கேட்டதால’ன்னு. வாங்கறவர்கிட்ட அந்த பில்ல நீங்க குடுக்கணும்” என்றார்.

“பில்லே வேணாம்ணே.”

“பில்லு வேணாம்னா வெல்டிங்கும் வேணாம்.”

நான் இதை எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு வரிதான். அவர் வெல்டிங் பாவம் என்று பிரசங்கம் செய்யவில்லை. வைப்பேன் என்றுதான் சொன்னார். ஒளிக்க மாட்டேன் என்றார். அவருக்கு அந்த மூன்றாவது ஆள், இன்னும் வண்டியை வாங்காத, பேர் தெரியாத ஆள், பட்டறைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. சாவிக்கொத்துக்காரருக்கு அங்கே யாரும் நிற்கவில்லை.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு தெரு தள்ளி இன்னொரு பட்டறை இருக்கிறது. வண்டி கைமாறும்போது ஆர்.சி. கைமாறும், இன்ஷூரன்ஸ் கைமாறும், இந்த மாதிரி சேதி கைமாறாது. பழைய ஜீப் ஒன்று வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவராக நீங்கள் இருந்தால், பெயிண்டையும் டயரையும் பார்த்தது போதும். பின் சக்கரத்து டிரம்மைக் கழற்றி ஷாஃப்டை ஒரு தடவை வெளியே உருவிக் காட்டச் சொல்லுங்கள். நாலு போல்ட்தான்.